கண்மாய்க் கரையில் கடந்தை

பூச்சி பிடிக்கப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பழைய கொசுவலைத் துணி, அதை வளைத்துக் கட்ட ஒரு மூங்கில் பிளாச்சு, வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், பிஸ்கட் டின், பாச்சை உருண்டை. என் மேஜையிலிருந்து நீங்கள் எடுத்து வந்திருப்பதெல்லாம் அவைதான், ஐயா. பைனாகுலர் மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. திருட்டுப் பொருள் ஒன்றும் அதில் இல்லை.

என் பெயர் சௌடப்பன். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியே வந்தால் தமிழ். எனக்குத் தறி கைவரவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, 1965-இல் இந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராக வந்தேன். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்மாய், பிறகு பனைகள், அதற்குப் பிறகுதான் ஊர். மனைவி நாகமணியும் நானும் மட்டும். பிள்ளைகள் இல்லை.

இந்தப் பக்கத்தை வெறும் பொட்டல் என்று டவுன்காரர்கள் சொல்வார்கள். உட்கார்ந்து பார்க்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உடைமரத்தில் பொன்வண்டு இலையைக் கடிக்கிற சத்தம் காது கொடுத்தால் கேட்கும். எருக்கஞ்செடியில் மஞ்சளும் கறுப்புமாகப் புழு இருக்கும். அதைப் பாட்டிலில் வளர்த்தால் பதினைந்து நாளுக்குள் பட்டாம்பூச்சி. முதல் மழைக்கு மறுநாள் கரிசலில் சிவப்பு வெல்வெட்டு மாதிரி பட்டுப்பூச்சி ஊரும். அதற்கு எட்டுக் கால், ஆகவே கணக்குப்படி அது பூச்சியே இல்லை. இருந்தாலும் குறித்துக்கொள்வேன்.

மதுரையில் ஆசிரியர்களுக்கு ஒரு கோடை முகாம் நடந்தது. அங்கே பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் வகுப்பெடுத்தார். கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது என்றார். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் சொல்லிவிடாதே என்றும் சொன்னார். நடப்பதில் நீ கை வைத்தால் அது நடந்ததாகாது, நீ நடத்தினதாகிவிடும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முன்பும் நான் அப்படித்தான் இருந்தேன். அப்படி இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

1969 ஆவணியில் கண்மாய்க் கரை ஒற்றைப்பனையில் ஒரு கடந்தைக் கூட்டைப் பார்த்தேன். கடந்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளவியில் பெரியது, வயிற்றில் மஞ்சள் பட்டை போட்டது. ஒன்று கொட்டினால் காய்ச்சல். கூட்டமாகக் கொட்டினால் உழவு மாடும் பிழைக்காது. மட்டைகளுக்கு நடுவே, காகிதத்தைக் கரைத்துப் பூசினாற்போலச் சாம்பல் நிறத்தில் கூடு. பார்க்கும்போது தேங்காய் அளவு இருந்தது. புரட்டாசியில் குடம் அளவுக்கு வந்துவிட்டது. நான் தினமும் பள்ளிக்கூடம் தொடங்குமுன் போய், கரையின் உள்பக்கம் வேலிக்கருவைப் புதருக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்காருவேன். சாக்கு மேலே இருந்தால், அசையாமல் இருந்தால், அவை நம்மைக் கண்டுகொள்வதில்லை.

ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, ஓலைச் சூந்து கட்டி, அந்தத் தீப்பந்தத்தால் கூட்டைக் கொளுத்திவிடலாம் என்றார்கள். கொளுத்தினால் எல்லாம் போய்விடும். நான் அது காலிக் கூடு என்றேன். பறந்து திரிவது வேறு எங்கோ இருக்கிற கடந்தை, பழைய கூட்டின் வாசனைக்கு வந்துவிட்டுப் போகிறது என்றேன். "வாத்தியார் தெனமும் போய்ப் பாக்குறாரு, அவருக்குத் தெரியாததா" என்று கலைந்துபோனார்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் அது. அந்த வாரத்தைப் பொறுத்தவரை அப்படித்தான்.

பிறகு ஒரு நாள் சங்கரம்மாள் தன் கிடாயை அந்தப் பனையின் அடியில் கட்டிவிட்டுக் களையெடுக்கப் போனாள். கிடா கொம்பை மரத்தில் தேய்த்தது. தேய்த்த அதிர்வு மேலே போயிருக்க வேண்டும். கடந்தை இறங்கியது. நான் புதருக்குள் இருந்தேன். கயிற்றை அறுத்துவிட்டிருக்கலாம். அறுத்திருந்தால் ஆடு ஓடும், எவ்வளவு தூரம் துரத்துகின்றன என்பது தெரியும்; ஆனால் நானும் ஓடவேண்டியிருக்கும். ஆகவே உட்கார்ந்தே இருந்தேன். கண்ணையும் மூக்கையும்தான் முதலில் தேடி வந்தன.

சாயங்காலம் சங்கரம்மாள் என்னைத் தேடி வந்தாள்.

"சார், கெடா செத்துப்போச்சு. வாயெல்லாம் நொரை. ஒடம்பு பானை மாதிரி வீங்கிக் கெடக்கு. என்ன தீண்டுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

"பாம்பு" என்றேன்.

மறுநாள் ஆண்கள் கரையைத் தோண்டி ஒரு சாரைப்பாம்பை அடித்துப் போட்டார்கள். சாரைக்கு விஷம் கிடையாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அதே மாதத்தில்தான் நாகமணியின் கையில் கஞ்சி கொட்டியது. சோறு வடிக்கும்போது பானை நழுவிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் புறங்கையில் தோல் முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, ஓரத்திலிருந்து கொப்புளம் எழும்பியது. ஓரத்திலிருந்துதான் எழும்பும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவளே போய்த் தண்ணீரில் கையை முக்கினாள். எங்கள் மொழியில்தான் பேசினாள், தமிழில் சொல்கிறேன்.

"என்ன பாத்துக்கிட்டு நின்னீங்க?"

"கொப்புளம் எப்படி வருதுன்னு பார்த்தேன்."

துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்ட பிறகு, "பூச்சியப் பாக்குற மாதிரி என்னைப் பாக்காதீங்க" என்றாள். அதில் என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. பூச்சியை நான் மிகவும் கவனமாகத்தான் பார்ப்பேன்.

ஐப்பசி பிறந்ததும் தங்கசாமி வந்தான். பனையேறுகிறவன். பள்ளிக்கூடத்துக் கொட்டகைக்கு ஓலை போட்டதும் அவன்தான். எந்நேரமும் ஒரு கறுப்புச் சட்டை. அழுக்குத் தெரியாது என்பான். நல்லவன். அவனைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

"சார், ஒத்தப்பனையில கடந்தை கெடக்குன்னு ஒரு பேச்சு. நீங்க காலிக் கூடுன்னீகளாம்."

"ஆமா."

"மத்த மரத்துல எல்லாம் ஓலை வெட்டியாச்சு. மழைக்கு முன்ன கூரையை மாத்தலைன்னா குருவம்மா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா." சிரித்தான். "ஏறலாமா சார்?"

நான் யோசித்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வாய் தவறிச் சொன்னதில்லை. கூட்டில் கடந்தை இருக்கிறது என்றால் ஊர் வந்து கொளுத்திவிடும், முன்பு சொன்ன பொய்யும் வெளியே வரும் என்று பின்னால் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் மனதில் இருந்தது வேறு. ஆடு தரையில் கட்டிக் கிடந்தது. கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் போய் நின்றால் அவை எப்படிக் கிளம்பும், எதை நோக்கிப் போகும் என்பதை யாரும் அருகிலிருந்து பார்த்து எழுதினதாக நான் கேள்விப்படவில்லை.

"ஏறலாம்" என்றேன். "எப்ப ஏறப்போற?" என்றும் கேட்டேன்.

"நாளைக்குக் காலையில, வெயில் ஏறுமுன்ன."

விடிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டேன். தங்கசாமி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தான். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, சட்டையோடு ஏறினான். தோளில் வெள்ளைத் துண்டு. மேலே போய் மட்டைகளுக்குள் கையை நுழைத்து அரிவாளை ஓங்கினான். முதல் வெட்டுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வெட்டுக்கு வந்தன. தலைமுடிக்கும் கறுப்புச் சட்டைக்கும் போயின. துண்டின்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. இதை நான் நன்றாகப் பார்த்தேன்.

அவன் பாதி மரம் வரை இறங்கினான். வேறு ஆளாக இருந்தால் மேலேயே கையை விட்டிருப்பான். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அவனுக்குப் பேச்சு இருந்தது. புதருக்குள் நான் இருப்பதைப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். "சார்" என்றான். திரும்பவும் "சார்" என்றான். அசைந்தால் அவை என் பக்கம் திரும்பும். நான் அசையவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அருகில் போனேன். அடிபட்டுக் கிடந்த ஒரு கடந்தையைப் பாட்டிலில் போடலாம் என்று எடுத்தபோது இடது கையில் கொட்டிவிட்டது. கை வீங்கிவிட்டது. ஊர் ஓடிவந்தபோது நான் வீங்கின கையோடு தங்கசாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனைக் காப்பாற்றப் போய்க் கொட்டு வாங்கினேன் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். காலிக் கூட்டில் புதுக் கூட்டம் வந்து குடியேறியிருந்தது, பார்த்துவிட்டுச் சொல்ல ஓடிவந்தேன், அதற்குள் ஏறிவிட்டான் என்றேன். அப்படியும் நடக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

குருவம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் பெரிய பெண் கஸ்தூரி.

"கடைசியா எதுவும் சொன்னாகளா சார்?"

"உன் பேரைத்தான் சொன்னான்."

அதுவும் பொய்தான். ஆனால் அதைக் கேட்டபிறகு அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று நானும் எதிர்பார்த்திருந்தேன். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்தினேன். வீங்கினது இடது கை என்பதால் கரும்பலகையில் எழுதச் சிரமம் இல்லை. சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது. சாயங்காலமே கூட்டைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குத்தான் வருத்தப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் யாரும் பனை ஏறுவதில்லை. பக்கத்து ஊர்களிலிருந்துகூட வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நானும் சைக்கிளில் போய்ப் பார்த்து, இருந்தால் இருக்கிறது என்றும் இல்லாவிட்டால் இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லிக் கொளுத்தின கூடுகளும் உண்டு. நாலு வருஷம் என் பேச்சை நம்பி ஏறின ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நாலு வருஷமும் வெள்ளைத் துண்டு மனதில் இருந்தது. வெள்ளை என்பதால் உட்காரவில்லையா, துண்டு காற்றில் ஆடினதால் உட்காரவில்லையா? கம்பில் வேறு வேறு நிறத் துணியைக் கட்டி நீட்டிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. கம்புக்கு வியர்வை கிடையாது, மூச்சு கிடையாது. ஒரு தடவை பார்த்ததை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

போன ஆவணியில், 1973-இல், மடைப் பக்கத்துப் பனையில் மறுபடியும் ஒரு கூடு. காய்ந்த மட்டைகளுக்குள் மறைந்திருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியாது. கண்டது நான் மட்டும்தான்.

காளிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருவம்மாளின் தம்பி. தங்கசாமி போனபிறகு எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்து அக்கா வீட்டோடு இருந்துகொண்டான். பருத்திக் காட்டு வேலைக்குப் போவான், ஓலை வெட்டுவான். தன் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், கஸ்தூரி ஒரு நெலைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டவன். இந்தத் தீபாவளிக்கு நான் அவனுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். அருப்புக்கோட்டையில் எங்கள் ஆட்கள் நெய்த நல்ல வெள்ளைத் துணி.

நாகமணி துணியைத் தடவிப் பார்த்தாள். "பனை ஏறுறவருக்கு வெள்ளைச் சட்டை எதுக்கு? ஒரு நாள் தாங்காதே."

"தீபாவளிதானே" என்றேன்.

குருவம்மாளுக்கு மிகவும் சந்தோஷம். "அவுக போன பெறகு இந்த வீட்டுக்குன்னு நெனச்சு யாரும் ஒரு துணி எடுத்ததில்ல சார்" என்றாள். எனக்கும் திருப்தியாக இருந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்தது சட்டையைப் பற்றி மட்டும்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம்.

தீபாவளி கழிந்த வாரம் கஸ்தூரி பெரியமனுஷி ஆனாள். காளிராஜ் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான்.

"தாய்மாமன் நாந்தான அவ ஒதுங்கியிருக்கக் குச்சுக் கட்டணும் சார். பச்சை ஓலை வேணும். மடைப் பனையில நல்லா வளந்து கெடக்கு. நீங்க பாத்துச் சொன்னாத்தான் ஏறணும்னு அக்கா சத்தியம் வாங்கியிருக்கு."

நான் பாடத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பார்ப்பதாகச் சொன்னால் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். கூட்டில் போக்குவரத்து நன்றாக இருந்தது. திரும்பி வந்து, "சுத்தமா இருக்கு" என்றேன்.

"அப்ப சாயந்தரமே வெட்டிருறேன்."

"அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஏறு. நல்ல காரியம்."

"சார் எடுத்துக் குடுத்ததாச்சே, கறையாயிருமே."

"ஆனா ஆகட்டும்."

அவன் போட்டுக்கொண்டுதான் வந்தான்.

கண்டுபிடித்தது நாகமணி. காளிராஜைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பெண்களோடு போனவள், சட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பைனாகுலரை எடுத்து, அதன் வாரில் ஒட்டியிருந்த வேலிக்கருவை முள்ளை விரலால் எடுத்து ஜன்னலில் வைத்தாள். பிறகு குருவம்மாளிடம் போய்ப் பேசியிருக்கிறாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டாள். போகும்போது சோறு ஆக்கி மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

குருவம்மாள் வாசலில் நின்றாள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சார், எங்கிட்ட பொய் சொல்ல வேணாம். மரத்துல கடந்தை கெடக்குன்னு தெரிஞ்சா ஏறச் சொன்னீக?"

"தெரிஞ்சுதான்."

"எந் தம்பியவா?"

"ரெண்டு பேரையும்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வாய்ப்பாடு நின்றுவிட்டது. "நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?" என்றாள்.

"ஒண்ணும் செய்யலை."

"பெறகு எதுக்கு?"

"பார்க்க வேண்டியிருந்தது" என்றேன்.

"பாத்தீகளா?"

"பார்த்தேன்."

தலையை ஆட்டினாள். எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். நேராக இங்கேதான் வந்திருக்கிறாள் என்று உங்கள் ஆட்கள் வந்தபோது தெரிந்துகொண்டேன். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று ஏட்டையா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனித முகம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அந்தக் குடும்பத்தோடு ஏதாவது விரோதமா, நிலத் தகராறா, பெண் விஷயமா என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் நல்ல மனிதர்கள். கூட்டில் கடந்தை இருப்பது தெரிந்து, கொட்டினால் பிழைக்கமாட்டார்கள் என்பதும் தெரிந்து, தங்கசாமியையும் காளிராஜையும் நான்தான் ஏறலாம் என்று அனுப்பினேன். இரண்டு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. நாகமணிக்கு எதுவும் தெரியாது. இதைக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. காளிராஜின் சட்டையில் அவை உடனே உட்காரவில்லை. தலைக்கும் கைக்கும்தான் முதலில் போயின. சட்டைக்குக் கடைசியில்தான் வந்தன. தங்கசாமி பாதி மரத்தில் விழுந்தான். காளிராஜ் கீழே வரை இறங்கி, தரையில் கால் ஊன்றி, மடை வரைக்கும் நடந்தான். நான் உட்கார்ந்திருந்த புதரைத் தாண்டித்தான் நடந்தான். குருவம்மாளிடம் இதை யாராவது சொன்னால் நல்லது, ஐயா. நான் எடுத்துக் கொடுத்த சட்டை அவள் தம்பிக்கு உதவித்தான் இருக்கிறது.